பெஞ்சில் இருந்த இன்னொருவர்

அவர் பேரைக் கேட்கவில்லை. கூடுவாஞ்சேரிக்காரர் என்று மட்டும் தெரியும். ஒல்லியான ஆள், வெளுத்த சட்டை. செங்கல்பட்டுக் கல்லூரியில் முதல்வர் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்துப் பொத்தானைப் போடுவார், மூடியதும் கழற்றுவார்.

அவர் மகனுக்கும் என் மகளுக்கும் வேறு கல்லூரியிலிருந்து இங்கே மாற்றம் வேண்டும்.

"ரெண்டு பேரும் உக்காந்துகினு இன்னா பண்றது? ரெண்டாம் வருஷத்துல ஒரு சீட்டுதான் கீது" என்றார் பியூன்.

கூடுவாஞ்சேரிக்காரர் என்னைப் பார்த்தார்.

"பொண்ணுக்கு அங்க இன்னாம்மா கஷ்டம்?"

"பஸ்ஸுல ஒருத்தன் தெனம் பின்னாடியே வரான். இங்க கெடைக்கலன்னா படிப்ப நிறுத்திடுவேன்னு அவங்கப்பா சொல்லிட்டாரு."

"நான் அவசரப்பட்டு பையனுக்கு டி.சி. வாங்கிட்டேம்மா. அங்க பேர அடிச்சிட்டாங்க. இங்கயும் இல்லன்னா அவனுக்குக் காலேஜே இல்ல."

அவர்தான் எனக்கு முன்னால் வந்தவர்.

பியூன் அவரைக் கூப்பிட்டார். பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"நீ போம்மா. எனக்குப் பயமா கீது."

போனேன். கையெழுத்து கிடைத்தது. நான் வெளியே வந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மகள் செங்கல்பட்டிலேயே படித்து முடித்தாள். அன்று அவருக்கு நிஜமாகவே பயம்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.