அழித்துக் காட்டிய மலரக்கா

சனிக்கிழமை காலை பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கடையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது மலரக்காவின் கணவர் அழைத்தார். "தம்பி, மலர் எங்களை விட்டிட்டுப் போட்டா." கீரைக்கட்டும் கையுமாகக் கடையிலேயே அழுதுவிட்டேன். ஆனால் அக்காவுடன் வேலை பார்த்த உங்கள் முன்னால் அழப்போவதில்லை. அக்கா ஜெயித்தவர்.

சிடியில் எங்கள் மென்பொருளின் நிரலைச் சுமந்து திரிந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அதை ஓடும் மென்பொருளாக பில்ட் செய்வது எங்களோடு வேலை பார்த்த லூக்கின் கணினியில் மட்டுமே நடக்கும். லூக் வேலையை விட்டுப் போன பின் அந்த டப்பாவைத் தூசி தட்டக்கூட எங்களுக்குத் தைரியமில்லை. அக்காதான் அதற்குள் கிடந்ததையெல்லாம் தோண்டியெடுத்துப் எல்லோரும் நிரலை எடுக்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தார். எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் பில்ட் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "என் மெஷின்ல ஓடுதே, அக்கா" என்றால், "அப்ப உம்மட மெஷினையே வாடிக்கையாளருக்கு அனுப்புவமோ?" என்பார்.

தவறான நிரலைச் சேர்த்து பில்டை உடைத்தவர் அன்று முழுவதும் காதுமூடிக் கம்பளித் தொப்பியோடு இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஒரு ஜூலையில் அவரே உடைத்தார். வாடிக்கையாளர் கூட்டத்துக்கும் தொப்பியோடு போனார். "சட்டம் எண்டா எனக்கும்தானே" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு தலைமையகத்திலிருந்து அந்தப் பெரிய மனிதர் வந்தார். இன்னும் ஒரே ஒரு கணினியை நம்பிக் கிடப்பதாக அவர் நினைத்த அலுவலகத்தை மூடிவிடலாம் என்பது அவர் முடிவு. என் வேலை அனுமதியும் அந்த வேலையோடுதான் பிணைந்திருந்தது. அக்கா வாதாடவில்லை. அந்த மனிதரின் கண்ணெதிரே லூக்கின் கணினியை முழுவதுமாக அழித்தார். மனிதரின் புது மடிக்கணினியை வாங்கி, களஞ்சியத்திலிருந்து நிரலை இறக்கி, அந்த ஒரு கட்டளையைத் தட்டினார். தேவையான கருவிகளையும் அதுவே இறக்கத் தொடங்கியது.

"என்ன தம்பி, முகம் வெளிறிப் போச்சு? அது தன்ர பாட்டில ஓடும். வாங்கோ, சாப்பிடுவம்."

பெரிய மனிதருக்கும் அக்கா கொண்டுவந்திருந்த புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கிடைத்தன. எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. திரும்பி வந்தபோது மென்பொருள் அவர் மடிக்கணினியில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்த்தளத்துக்காரர் ஏறிவந்து என்ன கொண்டாட்டம் என்று பிரெஞ்சில் விசாரித்தார். அலுவலகம் தப்பியது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் துணிச்சலைத்தான். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் வெற்றுக் கணினியும் அந்தக் கட்டளையும் மட்டுமே தருகிறேன். இந்தத் திங்கட்கிழமையும் ஒரு பெண் சேர்ந்தாள். தட்டினாள். அக்கா எழுதி வைத்த கட்டளை அப்படியே ஓடியது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.