வெரளுக்காய் நிறம்

கண்டிப் பக்கம் வத்தேகமையில் ட்ரவுட் மீனுக்குப் பொய் ஈ கட்டும் பட்டறையில் எனக்கு வேலை. தூண்டில் முள்ளில் நூலையும் இறகையும் சுற்றி, அந்த மீன் தின்னும் பூச்சியைப் போலவே செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். கட்டுகிற பெண்களின் மேசைக்கு நூலை நிறம் பார்த்துக் கொடுப்பவள் நான். மீனையும் பார்த்ததில்லை, பூச்சியையும் பார்த்ததில்லை. ஆனாலும் நிறத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு திமிர்.

எண்பத்து மூன்று கலவரம் ஓய்ந்து யுத்தம் மூண்டிருந்த காலம். ஒரு நாள் காலை பஸ் ஏறப்போன என் கணவரை, அடையாள அட்டை இல்லையென்று பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எங்களில் எத்தனையோ பேரிடம் அது கிடையாது. தெரிந்த சிங்களப் பெரிய மனிதர் யாராவது வந்து பொறுப்பெடுத்தால் விடுவோம் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதர் பட்டறை மனேஜர். ஓடிப்போய் அழுதேன்.

"அழ வேணாம் நங்கி," என்றார், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, மற்றதைத் தனக்கு வந்த தமிழில். "இந்தப் பெட்டி இன்னைக்கு லொறியில போகணும். முடிஞ்ச உடனே நான் வாறது."

இப்பவே வாங்க சேர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பார்த்துக் கட்ட வெளிநாட்டுக்காரர்கள் வழக்கமாக அனுப்பும் மாதிரி ஈ அந்தத் தடவை வரவில்லை. அவர்கள் கடிதத்தில் 'ஒலிவ்' என்று நிறத்தின் பெயர் மட்டும் இருந்தது. அது என்ன நிறம் என்று மனேஜரிடம் கேட்டேன்.

"வெரளு நிறம்," என்றார்.

புளிக்கிற வெரளுக்காய் எனக்குத் தெரியாதா? நான் பிறந்த மடுல்கெல்லைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மரமே நின்றது. மரத்துக் காயின் பளிச்சென்ற பச்சையில் நூலை எடுத்துக் கொடுத்தேன். வெறி பிடித்த மாதிரிக் கட்டினோம். இரண்டு மணிக்கு முடிந்தது. மனேஜர் கார்ச் சாவியோடு வந்து பெட்டியைத் திறந்தார். அவர் முகம் செத்துப்போனது.

அவர் கண்டி டவுன்காரர். அவருக்கு வெரளு என்றால் சந்தையில் உப்புப் போட்டு அவித்து, மிளகாய்த்தூள் தூவி விற்பதுதான். அது மங்கிப்போன காக்கிப் பச்சை. பூச்சிக்கும் அந்த நிறம்தானாம்.

"வேற கலர்னா மீன் கடிக்காது நங்கி."

அந்த மீன் நாசமாய்ப் போகட்டும் என்று சபித்துக்கொண்டே மற்றவர்களோடு சேர்ந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டினேன். முள் குத்திக் குத்தி விரலெல்லாம் இரத்தம்.

மனேஜரோடு பொலிஸுக்குப் போய்ச் சேர ஆறு மணி. மூன்று மணிக்கே என் கணவரை வாகனத்தில் ஏற்றிவிட்டார்களாம். எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"காலையிலேயே சொன்னோமே, ஏன் இவ்வளவு நேரம்?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"கலர் மாறிப் போச்சுங்க," என்றேன்.

இன்ஸ்பெக்டருக்கு விளங்கவில்லை. என் கணவர் திரும்பி வரவும் இல்லை.