முந்தானையால் துடைத்த குழாய்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். சுத்தத்தில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. யார் வீட்டில் டம்ளர் கொடுத்தாலும், முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன்.

போன ஆடி மாதம், நெஞ்செரிச்சல் தாங்காமல் பென்னாகரத்தில் பஸ் ஏறி, தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் பெண் என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுக் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். உள்ளே கறுப்பாக, நீளமாக ஒரு குழாய் தொங்கியது. அதற்குள் வெளியே கூச்சல். அலமாரியைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினாள்.

நம் வாய்க்குள் போகப்போகிற சாமானாயிற்றே என்று, எழுந்து போய் மேலிருந்து நுனிவரை முந்தானையால் நன்றாகத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

நர்ஸ் திரும்பியபோது கூடவே ஒரு இளம் பெண்ணும் அவள் மாமியாரும் வந்தார்கள். மீன் முள் தொண்டைக்குக் கீழே குத்தி நின்றுவிட்டதாம். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், ரத்தம் கலந்து துண்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் முதலில் என்று, நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு அந்தக் குழாயை எடுத்தாள்.

"பயப்படாத தாயி, நானே நல்லாத் தொடச்சு வெச்சிருக்கறேன்" என்றேன், பெருமையாக.

நர்ஸின் கை அப்படியே நின்றது. "எதுலங்க ஆயா தொடச்சீங்க?"

முந்தானையைக் காட்டினேன்.

"ஐயோ ஆயா! மருந்துல கழுவி, உள்ளெல்லாம் காத்து ஊதிக் காயவெச்சு, வெறுங்கை படாமத் தொங்கவிட்டிருக்கறோம். முள்ளு குத்தின புண்ணுல இந்த அழுக்குப் போனா என்னாவறதுங்க? இன்னொரு குழாயும் இப்பத்தான் கழுவப் போச்சு."

"ரொம்பத்தாங்க சுத்தம் உங்களுக்கு!" என்றாள் மாமியார்க்காரி. "எங்க வூட்டுப் புள்ள இன்னும் கொஞ்ச நேரம் துடிக்கட்டும்."

குனிந்து முந்தானையைப் பார்த்தேன். பஸ்ஸில் கம்பியைத் துடைத்ததும் அதுதான். வழியெல்லாம் மூக்கைத் துடைத்ததும் அதுதான். குழாயை மறுபடி கழுவிக் காயவைத்துக் கொண்டுவரும் வரை அந்தப் பெண் கண்ணீர் வழியக் குனிந்தே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. முள் வெளியே வந்துவிட்டது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

போகும்போது மாமியார்க்காரி நின்றாள். "வாயத் தொறந்து சொன்னீங்களே, அதுக்காச்சும் உங்களக் கும்பிடோணும்."

தப்பு என்று தெரிந்தா சொன்னேன்? பீற்றிக்கொள்ளத்தானே சொன்னேன்! அன்று சும்மா இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகியிருக்குமோ, அது என்னால்தான் என்று எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருதரம் படி. பீற்றிக்கொள்ளத்தான் சொன்னேன் என்பதை நீ விட்டுவிடவில்லையே?