சமையல்கட்டு மேலயே வைப்பா

இன்னைக்கு கணியம்பாடி வீட்ல டிஷ் மாட்ட ஆள் வந்தார். மாடியைச் சுத்திப் பார்த்துட்டு, "பெட்ரூம் மேல வெச்சாதான் சிக்னல் நல்லா வரும்"னார்.

எண்பதுகள்ல ஆன்டெனா வைக்க வந்தவரும் அதே இடத்தைத்தான் காட்டினார்.

அம்மா அப்ப வேலூர்ல நர்ஸ். நைட் டியூட்டி முடிச்சு வந்து, பகல்ல அந்த ரூம்லதான் தூங்குவாங்க. காத்தடிச்சா யாராவது மேல ஏறி ஆன்டெனாவைத் திருப்பணும், "தெரியுதா?"ன்னு கத்தணும். அதனால அப்பா, "கோடியில சமையல்கட்டு மேல வைப்பா"ன்னுட்டார்.

படம் பூரா புள்ளி. கிரிக்கெட் அன்னிக்கு நான் அழுதும் அப்பா மாத்தலை.

இப்ப அந்த ரூம்ல பகல்ல தூங்கறது அப்பா. வயசாயிடுச்சு, சின்ன சத்தத்துக்கும் முழிச்சுக்கறார்.

அம்மா டிஷ்காரர்கிட்ட சொன்னாங்க, "சமையல்கட்டு மேலயே வைப்பா."

"அங்க இன்னாம்மா வரும்? பக்கத்து வீட்டு மரம் மறைக்குது. மழை வந்தா படம் நின்னுடும்."

"நிக்கட்டும். நீ மெதுவா நட."

நாப்பது வருஷமா எங்க வீட்ல யாரும் டிவியைத் தெளிவா பார்த்ததில்ல. உங்க வீட்ல எப்படி?