காற்று நின்ற வாரம்

எண்பதுகளின் கடைசி. ஐப்பசி பிறந்து, தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தென்மேற்குக் கச்சான் காற்று ஓய்ந்து, வடக்கத்தி வாடை தொடங்காத இடைவெளி அது. நாளையும் கிழமையையும் காற்றோடு சேர்த்தே நினைவில் வைப்பது என் பழக்கம். காற்றாடி மெக்கானிக்குக்குக் காற்றில்லாத தேதி எதற்கு?

மண்டபத்துக்குத் தெற்கே, கடலுக்குள் ஆளில்லாத தீவு ஒன்றில் அந்தக் காற்றாடி நின்றது. அது சுற்றினால் பேட்டரி ஏறும். பேட்டரி ஏறினால் படகுகளுக்கான விளக்கு எரியும், கொட்டகையில் இருந்த ஒயர்லெஸ் பேசும். பேரிங் தேய்ந்து சுற்றுவது நின்றுவிட்டதால், திங்கட்கிழமை காலை எங்கள் இருவரையும் ஒரு வள்ளம் இறக்கிவிட்டுப் போனது. சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம், நீச்சல் தெரியாது. கூட வந்தவன் தொண்டிக்காரன், என்னைவிட இளையவன். அவனுடைய அண்ணன் சவூதியிலிருந்து விசா அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை மாலை மண்டபத்தில் ரயிலேறி, மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய். அந்த ரயிலை விட்டால் விமானமும் போய்விடும், விசாவின் கெடுவும் முடிந்துவிடும். ஆனாலும், கம்பத்தைச் சாய்த்து நிமிர்த்த வேலை தெரிந்த இரண்டு பேர் வேண்டும் என்று அவனாகவே வந்தான்.

பேரிங்கை மாற்றிக் கம்பத்தை நிமிர்த்தினோம். வள்ளம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு படகுகூட இல்லை. முரட்டு அலைக்காக ஆண் கடல் என்று பேர்பெற்ற அந்தத் தென்கடல் குளம்போலக் கிடந்தது.

"ஸ்ட்ரைக்குண்ணே," என்றான். "இந்தக் கடல்ல படகு இறக்காம இருக்கான்னா வேற என்ன?"

காற்றாடி பழுதில்லாமல் நின்றது; சுற்றத்தான் காற்றில்லை. ஒயர்லெஸ்ஸைத் திருகினால் கரகரப்புகூட இல்லை. தண்ணீர் கேன் பாதிக்கு இறங்கியிருந்தது. அரிசி கொஞ்சம், கருவாடு கொஞ்சம். கரை தெரிந்தது, பாம்பன் பாலம் தெரிந்தது, ராத்திரி மண்டபத்து விளக்குகளும் தெரிந்தன. தெரியாமல் இருந்திருந்தால் மனம் அடங்கியிருக்கும். தீவை ஒருமுறை சுற்றிவந்தால் நம் காலடித் தடத்தையே மறுபடி மிதிக்க வேண்டியிருக்கும். அதனால் சுற்றுவதையும் விட்டேன்.

புதன்கிழமை அவன் கம்பத்தில் ஏறி இறக்கையைக் கையால் தள்ளினான். கீழே மீட்டர் முள்ளைப் பார்க்கச் சொன்னான். முள் லேசாக நடுங்கிப் படுத்துக்கொண்டது. இப்படியே தள்ளினால் அடுத்த வருஷ நோன்புப் பெருநாளைக்குப் பேசிவிடலாம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. தோள்பட்டை வீங்கும்வரை தள்ளிவிட்டு இறங்கிவந்து, தொழுதுவிட்டு, என்னையும் துவா கேட்கச் சொன்னான். எந்தச் சாமியிடம் காற்றுக் கேட்பது என்று தெரியாமல் நானும் கேட்டேன்.

வியாழன் விடியலில் வாடை பிறந்தது. தகரக் கூரை படபடத்ததும் இருவரும் வெளியே ஓடினோம். இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒயர்லெஸ் பேசுமளவுக்குப் பேட்டரி ஏற உச்சிப்பொழுதாகிவிட்டது. கரையில் ஒயர்லெஸ்ஸில் இருந்தவர் விவரம் சொன்னார்: கடலில் பிடிபட்ட ஊர்க்காரர்கள் திரும்பும்வரை எந்தப் படகும் இறங்கக் கூடாது என்று எங்களை விட்டுப்போன அன்றே ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. அந்த வியாழனன்று கடையடைப்பு வேறு, ரயிலை விட்டால் துரத்திப் பிடிக்கப் பஸ்ஸும் இல்லை. ஊர்த்தலைவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

தலைவர் இரக்கப்பட்டார், ஆனால் முறைப்படி இரக்கப்பட்டார். ஒரு வள்ளம் போகலாம். வலையையும் ஐஸ் பெட்டியையும் எல்லோர் கண்ணிலும் படும்படி கரையில் இறக்கி வைத்துவிட வேண்டும். இன்ஜின் சத்தம் கேட்கக் கூடாது; பாயில்தான் போய்வர வேண்டும்.

வாடை தள்ளிவிட, வரும்போது வள்ளம் பறந்து வந்தது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. கரை வடக்கே இருந்தது. நேராகப் போக வழியில்லை. கிழக்கே ஓர் ஓட்டம், மேற்கே ஓர் ஓட்டம் என்று பாயை மாற்றி மாற்றிக் கட்டிப் போனார் வள்ளக்காரர். ஒவ்வொரு திருப்பத்திலும் கரை இருந்த இடத்திலேயே இருப்பதாகத் தோன்றியது. இன்ஜின் எங்கள் காலடியில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது.

கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டக்கூடாதா என்று நான் கேட்டேன்.

"ஓட்டலாம் சார். பொறவு நீங்க ராம்நாட்டு ஆபீசுக்குப் போயிருவீக. நான் இங்கனதான கெடக்கணும்?" என்றார் அவர்.

தொண்டிக்காரன் பையை மடியில் வைத்துப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ராமேஸ்வரத்திலிருந்து ரயில் வந்தது. காற்று பலமாக இருந்ததால் பாலத்தின் மேல் ஊர்ந்தது. பெட்டி பெட்டியாக விளக்கு நகர்ந்து கடைசிப் பெட்டியும் மண்டபம் பக்கம் மறைந்தது. வள்ளக்காரர் பாயைச் சரிசெய்வதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, நம்ம காத்தாடி சுத்துதான்னு பாருங்க," என்றான்.

திரும்பிப் பார்த்தேன். தீவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நல்லாச் சுத்துது."

"சுத்தட்டும்," என்று பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை, வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்தான். பயணத்துக்கென்று தைத்த சட்டையைப் போட்டிருந்தான். ஸ்பேனர் பையைத் தூக்கித் தோளில் மாட்டும்போது, கிரீஸ் படாமலிருக்கச் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பான் என்று பார்த்தேன். வைக்கவில்லை.