மின்தடையில் பேசும் சர்வர்

கள்ளக்குறிச்சியில் நான் நடத்தும் கணினிக் கடைக்கு அந்தச் சர்வர் ஓர் ஆனி மாத வியாழக்கிழமை, மினி லாரியில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. எதையும் கிழமையோடு நினைவு வைத்துக்கொள்வது என் குணம். மணலூர்பேட்டைப் பக்கம் மூடிவிட்ட ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில் ஓடிய சர்வர் அது. வெள்ளிமலையில் சாமையும் தினையும் விளைவிக்கும் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்காகத் தரகர் மூலம் வாங்கினேன். புது சர்வர் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அவர்களிடம் தானியம் எடுக்கும் நகரத்துக் கம்பெனி, கணக்கு ஓடும் கணினியில் எல்லாமே முறையான உரிமத்தோடு இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தது.

அந்த மாதிரி சர்வரில் உரிமம் என்பது பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் அச்சிட்ட எழுத்தும் எண்ணும் கலந்த சாவியைக் கொடுத்தால்தான் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்ற முடியும். உரிமம் பெட்டியைச் சேர்ந்தது. பெட்டி யார் கைக்குப் போனாலும் கூடவே போகும். இந்த ஸ்டிக்கரின் மேல் சந்தனமும் குங்குமமும் அடையாகக் காய்ந்திருந்தன. ஈரத்துணியால் ஓர் ஓரத்தை ஒற்றிப் பார்த்தேன். அடியில் எழுத்தே இல்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பழைய பொட்டைத் துடைத்துப் புதுப் பொட்டு வைத்து வைத்து, சாவி தேய்ந்து போயிருந்தது.

இனி அது இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்கெனவே ஏற்றியிருந்த பழைய இயங்குதளம். அதிலிருந்து சாவியைப் படித்துக்கொண்டு, பிறகு டிஸ்க்குகளை முழுக்க அழித்துவிட வேண்டும். ஒருவருடைய கணக்கு வழக்கு அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது. கூடவே வந்த யுபிஎஸ்ஸை அதன் கம்பிகளோடு மாட்டி சர்வரை ஓடவிட்டேன். பெட்டியின் முதுகில் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கட்டி வைத்திருந்தார்கள். சர்வருக்கு எதற்கு ஸ்பீக்கர் என்று தோன்றியது. ஆனாலும் கழற்றவில்லை.

மத்தியானம் கரண்ட் போனது.

"கரண்ட்டு பூடுச்சி. இன்னாத்தப் பாத்துக்கினு இருக்கீங்க, சேவ் பண்ணுங்க."

யாரோ கடைக்கு வந்திருக்கிறார்கள் என்று தலை தூக்கினேன். வாசலில் வெயில் மட்டும் கிடந்தது. ஆண் குரல், கொஞ்சம் சளி கட்டியது, அதட்டலும் சிரிப்புமாக. சற்றுப் பொறுத்து அதே குரல், "சேவ் பண்ணிட்டீங்களா? நான் அணையப் போறேன்" என்றது. சொன்னபடியே சர்வர் அணைந்தது.

தரகருக்குப் போன் செய்தேன்.

"அதுவா சார், அங்க சிஸ்டம் பாத்துக்கினு இருந்தவரு கொரலு. கரண்ட்டு போனா தானா பேசற மாதிரி அவரே பதிஞ்சி வெச்சது. அவரு செத்துட்டாரு. அப்புறமும் ஆபீஸ்ல பேசிக்கினுதான் இருந்தாரு. எப்பிடி நிறுத்தறதுன்னு யாருக்கும் தெரியல." கொஞ்சம் தயங்கி, "அவரு வூட்டம்மாவும் அங்கதான் கணக்கு பாத்துக்கினு இருந்தாங்க," என்றார்.

அன்று சாவியை எடுக்க மனம் வரவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. கரண்ட் போகாத நாளிலும் காது அந்த மூலையிலேயே கிடந்தது. பேய்க்கதைகள் நிறையப் படித்தவன் நான். அவற்றில் வரும் குரல்கள் பழி வாங்கக் காத்திருக்கும். இவருக்கோ மற்றவர்கள் டைப் அடித்து வைத்தது வீணாகிவிடக் கூடாதே என்ற கவலை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குழுவின் செயலாளர் மலையிலிருந்து இறங்கி வந்தபோதும் கரண்ட் போனது. அவரும் கேட்டார்.

"எங்க ஊருல கரண்ட் போவற போக்குக்கு இவருக்குத் தொண்டை கட்டிக்கும் சார்," என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "வெளையாட்டு இல்ல. ஆபீஸ்ல பொண்ணுங்க தனியா ஒக்காந்து பில்லு போடும். செத்தவரு பேசற பொட்டி வாணாம். அழிச்சிட்டுக் குடுங்க. சாமை அறுப்புக்கு முன்னாடி வேணும்."

அவர் கேட்டது நியாயம். ஆனால் அழித்துவிட்டால் அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. அந்த அம்மாவுக்குச் சொல்லாமல் செய்யக் கூடாது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை அந்த அம்மா வடக்கனந்தலிலிருந்து வந்தார். வேலை முடிந்ததா என்று பார்க்கச் செயலாளரும் அன்று வந்திருந்தார்.

"ஒரு தபா கேக்கலாமா சார்?" என்றார் அந்த அம்மா.

யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். குரல் வந்தது. 'சேவ் பண்ணுங்க' என்றதும் அந்த அம்மாவின் இடது கை விரல்கள் இரண்டு மேசைக் கண்ணாடியில், இல்லாத கீபோர்டில், அழுந்தி எழுந்தன. நான் பார்த்துவிட்டதைக் கண்டு கையை மடக்கிக்கொண்டார்.

"பழக்கம் சார். அந்தப் பொட்டும் நான்தான் வெப்பேன். வெள்ளையா இருக்குதே, எடுப்பா தெரியும்னு. 'அதுல எழுத்து இருக்குதுடி, ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா'ன்னு கத்துவாரு. அடுத்த வருசமும் அங்கியேதான் வெப்பேன்."

"குரலை உங்க போன்ல ஏத்தித் தரேன்மா," என்றேன்.

"வாணாம் சார். போன்ல இருந்தா அழுத்தி அழுத்திக் கேப்பேன். நான் அழுத்தி அவரு பேசறதா ஆயிடும். இங்க அப்பிடி இல்ல. கரண்ட் போச்சுன்னா அவராவே பேசுவாரு." எழுந்துகொண்டார். "அழிச்சிடுங்க. மெஷினு இனிமே அவங்களது."

செயலாளர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, மலையில எங்களுக்கும் சேவ் பண்ண மறந்துதான் பூடுது," என்றார். பிறகு என்னிடம், "சாவி எடுக்கறப்ப இவரையும் எடுத்து வெச்சிக்குங்க சார். புதுசா ஏத்திட்டு திரும்பப் போட்டுடுங்க. சவுண்டு மட்டும் கொஞ்சம் கம்மியா. பொண்ணுங்க கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அன்றே சாவியை எடுத்தேன், குரலை எடுத்தேன், டிஸ்க்குகளை அழித்தேன். புதிதாக ஏற்றிய இயங்குதளம் சாவியை ஒப்புக்கொண்டது. குரலை அதன் இடத்தில் வைத்தேன். கடையில் ஒரு நகல் வைத்துக்கொள்ளக் கை துறுதுறுத்தது. வைக்கவில்லை. ஆடி பிறப்பதற்கு முன் சர்வர் ஜீப்பில் மலை ஏறியது.

கார்த்திகையில் பிரின்டர் சரியில்லை என்று செயலாளர் போன் செய்தார். பேச்சு அந்த அம்மாவிடம் போனது.

"அடிக்கடி கூப்புடுவாங்க சார். தினை இன்னா வெலன்னு கேப்பாங்க. ஒருநாளும் வாங்கனது இல்ல. பேப்பர்ல போடறான் இல்ல, நாளைக்கு எங்கெங்க மின்தடைன்னு? அதுல வெள்ளிமலை வந்தா, அன்னிக்குக் காலையில கரண்ட் நிறுத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போன் வரும். ஏதாச்சும் பேசிக்கினே இருப்பாங்க. கரண்ட் போனதும் நான் போனை ஸ்பீக்கர் கிட்ட வெச்சிடுவேன்."

"கேட்டுட்டு இன்னா சொல்றாங்க?" என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவரு 'சேவ் பண்ணிட்டீங்களா'ன்னு கேப்பாரு. அந்தப் பக்கம் அக்கா 'பண்ணிட்டேன்'னு சொல்லுவாங்க. சொல்லிட்டு வெச்சிடுவாங்க."