சொந்த ஊர் என்ற கட்டம்

துடியலூரில் கேட்டரிங் நடத்தும் ஓர் அக்காவின் இணையதளத்தைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. செல்போனில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டால் அக்காவின் பக்கம் திறக்கும். அங்கே ஒரு படிவத்தை நிரப்பி ‘அனுப்பு’ என்று அழுத்தினால் அக்கா கூப்பிட்டுப் பேசுவார். ஆட்கள் வரத்தான் செய்தார்கள். அழுத்தத்தான் ஆளில்லை.

முதல் நாள் போனபோது அவர் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் நுரை தளும்பக் காபி கொடுத்தார். நான் பாதி குடித்ததும் கேட்டார்.

“கண்ணுக்குச் சொந்த ஊரு எது?”

“கொடுமுடிங்க்கா.”

“கொடுமுடில எங்க? அங்க நம்ம சொந்தக்காரங்க நெறையப் பேரு இருக்கறாங்க.”

“டவுனுக்குள்ளதானுங்க்கா. கோயில் வீதிப் பக்கம்.”

பொய். எங்கள் ஆட்கள் தோட்டங்களில் கூலிவேலை செய்த காலத்திலிருந்து எங்கள் வீடு ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில். எங்கள் பக்கத்தில் சாதியை வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை. அதனால் ஊரைக் கேட்பார்கள், பிறகு ஊரில் எங்கே என்று கேட்பார்கள். இரண்டாவது பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். மரியாதைக்குப் பேர்போன சீமை எங்களுடையது!

அன்றே படிவத்தைத் திறந்து பார்த்தேன். பெயர், போன் நம்பர், என்ன விசேஷம், அதற்குக் கீழே ‘சொந்த ஊர்’. அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது. “பக்குவம் ஊருக்கு ஊரு மாறுமில்ல கண்ணு” என்றார் அக்கா. அவர் அதை மனதார நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு நோய் எங்கே என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

தெரிந்தும் மூன்று வாரம் அந்தக் கட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினேன். எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்த வெள்ளைத் தொப்பிச் சமையல்காரரைத் தூக்கிவிட்டு அக்காவின் சொந்த அண்டாவைப் படம் பிடித்துப் போட்டேன். விளம்பரத்தில் வளைகாப்பு என்று சொல்லிவிட்டு இணையப் பக்கத்தில் பொதுவாக ஏதோ எழுதியிருந்தார்கள், அதையும் வளைகாப்பு என்றே மாற்றினேன். பட்டனைப் பெரிதாக்கினேன். உக்கடத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு திறந்தாலும் சட்டென்று வரும்படி பக்கத்தின் எடையைக் குறைத்தேன். அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசினால் ஏன் என்று கேட்பார். பதில் சொன்னால் என் கதை வெளியே வரும். என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் அக்காவே சொன்னார். “விளம்பரத்த நிறுத்திப்போடலாம் கண்ணு. உனக்கும் வீண் அலைச்சல்.” அதை நம்பிப் புதிதாகச் சேர்த்திருந்த இரண்டு சமையல்காரப் பெண்கள் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நான் லேப்டாப்பைத் திறந்து அக்கா பக்கம் திருப்பினேன். பக்கத்துக்கு வருகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே கிளம்புகிறார்கள் என்று பதிவு செய்யும் வசதி ஒன்றைப் போட்டிருந்தேன். என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாது, எழுத்துகள் வெறும் புள்ளிகளாகத் தெரியும். யாரோ ஒருவர் பெயரை நிரப்பினார், நம்பரை நிரப்பினார். சொந்த ஊரில் நான்கு புள்ளி வந்தது, அழிந்தது. திரும்ப இரண்டு புள்ளி. அதுவும் அழிந்தது. பிறகு போய்விட்டார். அடுத்தவரும் அங்கேயேதான் நின்றார்.

“ஊரு பேரு எழுதறதுக்கு என்ன வலிக்குது கண்ணு?”

அந்த வார்த்தையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்திருக்காவிட்டால் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டேன்.

“வலிக்கும்ங்க்கா. நானே உங்ககிட்டப் பொய்தான் சொன்னேன். எங்க ஊடு கோயில் வீதில இல்லீங்க. காலனிலதானுங்க.”

அக்கா சேலைத் தலைப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. “அட, அதுக்கென்ன கண்ணு. இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்கறாங்க? அந்தக் கட்டத்த எடுத்துப்போடு” என்றார். அங்கேயே உட்கார்ந்து எடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு லேசாக இருந்தது.

அடுத்த வாரம் போனபோது அக்கா போனும் கையுமாக இருந்தார். ஒவ்வொருவராகப் படிவத்தை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். “வளைகாப்புங்களா? ரொம்ப சந்தோசம்ங்க. உங்களுக்குச் சொந்த ஊரு...” என்றவர் என்னைப் பார்த்தார். “எத்தன பேருக்குங்க சாப்பாடு?” என்று மாற்றிக் கேட்டார். அந்த அக்காவை எனக்குக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பிறகு காபி வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். கேட்டரிங் வீட்டில் பேப்பர் கப்புக்கா பஞ்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடித்தேன். அடுத்த முறையும் பேப்பர் கப். அதற்கடுத்த முறையும் அதுவே. கண்ணு என்று கூப்பிடுவது மட்டும் மாறவில்லை.

வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விளம்பரமும் நன்றாக ஓடுகிறது. இப்போதெல்லாம் அக்கா காபி என்று எழுந்தால், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன் என்கிறேன். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.